படத்தில் வரக் கூடாத பிள்ளை

பருவம் முடிகிற வாரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும். கிளார்க்கம்மாவுக்கோ தலை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. ரிப்போர்ட் கார்டுகளுக்கு முத்திரை குத்த வேண்டும். பரிசுச் சான்றிதழ் அடிக்க வேண்டும். யாரும் தேடி வராத ஒன்பது தண்ணீர் பாட்டிலுக்கும் ஒற்றைக் கால் ஷூவுக்கும் அறிவிப்பு எழுதி ஒட்ட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் எட்டுப் பக்கத்தில் பள்ளியின் செய்தி மடலையும் அவள்தான் கொண்டுவர வேண்டும். பதினோரு வருஷமாகப் பருவத்துக்கு ஒன்று தவறாமல் கொண்டுவருகிறாள்.

வகுப்புச் செய்திகளை டீச்சர்மார் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. தருவார்கள், கெஞ்சிக் கூத்தாடின பிறகு. மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தெரிந்த வாக்கியமே ஒன்றுதான்: ‘மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.’ விளையாட்டு விழாவுக்கும் அதுதான், தடுப்பூசி போட்ட நாளுக்கும் அதுதான். பங்குச் சாமியாரின் ஆசிச் செய்தியில் தேதியை மட்டும் மாற்றினால் போதும், ஆசி அப்படியே இருக்கும். இதையெல்லாம் கோத்து, படம் சேர்த்து, முந்நூறு பிரதி எடுத்து, பின் அடித்து, பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்புவாள். பாதி வீடுகளில் அது பிரித்துக்கூடப் பார்க்கப்படாது. பதினோரு வருஷத்தில் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆத்மா சொன்னதில்லை. பஸ் ஓட்டுகிற அவள் புருஷன்கூட ஒரு தரம் கையில் வாங்கி, “எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே” என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

கிளார்க்கம்மாவின் மேசை இழுப்பறையில் ஒரு பச்சை ஃபைல் உண்டு. அதில் நான்கு பிள்ளைகளின் பெயர் இருந்தது. மடலில் இவர்கள் படம் வரக் கூடாது என்று, பள்ளியில் சேர்க்கும்போதே வீட்டார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மூன்று பேருக்கு என்னென்னவோ காரணம். நான்காவது பெயருக்கு உரிய காரணம் அவளுக்கும் தலைமையாசிரியையான பெரிய சிஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த நான்காவது பிள்ளையைப் பொடிசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியும் கையுமாக அவளுடைய அம்மா அவளைக் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த அம்மாவின் இடது மணிக்கட்டு சரியாகத் திரும்பாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு.

“அவர் கண்ணுல இவ படக் கூடாது சிஸ்டர்” என்று சேர்க்க வந்த அன்றைக்குச் சொன்னாள். “இது மூணாவது ஊரு. ரெண்டு தடவையும் தேடிக் கண்டுபிடிச்சு வந்துட்டாரு. கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு பேப்பர் எங்கிட்ட இருக்கு. பேப்பரப் பாத்தெல்லாம் அவர் கை நிக்காது.”

அவர் என்றது அவள் புருஷனை, பிள்ளையின் அப்பாவை. பெரிய சிஸ்டர் வேறெதுவும் கேட்கவில்லை. பச்சை ஃபைலை எடுக்கச் சொல்லிக் கிளார்க்கம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். அதற்கப்புறம் ஒரு நாள் கேட்டருகில் நின்று அந்த அம்மா சொன்னாள்: “இங்க வந்த பிறகுதான்க்கா இவ அலறி எழுந்திருக்காம தூங்குறா.” அதைக் கேட்டபோது, ஏதோ தானே தாலாட்டித் தூங்க வைத்தது மாதிரி கிளார்க்கம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

குரூப் போட்டோ எடுக்கும்போது அந்த நான்கு பேரையும் வரிசையின் ஓரத்தில் நிறுத்த வேண்டும் என்பது டீச்சர்மாருக்கு உத்தரவு. ஓரத்தில் நின்றால் வெட்ட வசதி. கம்ப்யூட்டரில் படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தால் பிள்ளை காணாமல் போய்விடும். போகப் போகப் பொடிசுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேமராவைக் கண்டால் தானே போய்க் கடைசியில் நின்றுகொள்ளும்.

நின்றுகொண்டதே ஒழிய, மடல் வந்த அன்றைக்கு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடும். சென்ற பருவத்தில் தேடி முடித்துவிட்டு உள்ளே வந்தது.

“கிளார்க்கம்மா, சில பேரு போட்டோவுல விழமாட்டாங்களா?”

“யார் சொன்னா?”

“என் பெஞ்சுப் பையன். பேய்ங்கதான் விழாதாம். நான் பேயான்னு கேக்குறான்.”

கிளார்க்கம்மா சிரித்துவிட்டாள். பிள்ளை சிரிக்கவில்லை. “அம்மாகிட்டக் கேட்டா, பெரியவளானதும் சொல்றேங்குது” என்றது. அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்று போனது.

இந்தப் பருவம் பொடிசுக்கு ஒரு யோகம் அடித்தது. பருவ நிறைவுத் திருப்பலியில் பதிலுரைப் பாடலை ஒரு பிள்ளை தனியாகப் பாட வேண்டும். பாட்டு டீச்சர் எல்லோரையும் பாட வைத்துப் பார்த்துவிட்டு இவளைத்தான் எடுத்தார். இத்தனூண்டு உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்திருந்தாளோ! மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் நின்ற கிளார்க்கம்மாவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பாடகர் குழுவுக்கு நட்டநடுவில், ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பொடிசு பாடினாள்.

திருப்பலிக்கென்று இரண்டு படங்கள்தான் வந்தன. ஒன்றில் சாமியார் மட்டும் இருந்தார், கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, தும்மப் போகிறவர் மாதிரி. இன்னொன்றில் பாடகர் குழு முழுவதும் இருந்தது, நடுவில் பெட்டி மேல் பொடிசு. ஓரத்தில் நின்றால் வெட்டலாம், நடுவில் நிற்கிற பிள்ளையை எப்படி வெட்டுவது? சாமியார் படத்தைப் போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மடலில் அச்சாகும்போது அந்த முகம் ஒரு துவரம் பருப்பு அளவுக்குத்தான் இருக்கும். பெயர் போடப் போவதில்லை. சொந்தப் பிள்ளையின் படம் வந்தவர்களே பார்க்காத மடலை வேறு எவன் பார்க்கப் போகிறான்? இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். எதிர்க்கட்சி வக்கீலை மட்டும் கூப்பிடவே இல்லை. அச்சுக்குப் போகுமுன் பெரிய சிஸ்டர் ஒரு தடவை பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் பரிசுக் கோப்பைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

“நீங்க பாத்தாச்சா கிளார்க்கம்மா?” என்று கேட்டார்.

“பாத்தாச்சு சிஸ்டர்.”

“அப்ப நான் எதுக்குப் பாக்கணும்? அனுப்பிடுங்க.”

அனுப்பினாள். வியாழக்கிழமை மடல் பிள்ளைகளின் பைகளுக்குப் போனது. பள்ளியின் இணையப் பக்கத்திலும் எப்போதும் போல் அதே மடலை ஏற்றினாள். இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மைதானத்து நடுவில் பொடிசைச் சுற்றி ஒரு கூட்டம். மடல் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. கசங்கிவிடப் போகிறதே என்று பொடிசு அதன் பின்னாலேயே குதித்துக்கொண்டிருந்தாள். செய்தது சரிதான் என்று கிளார்க்கம்மா அந்த நிமிஷம் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. மறுநாள் பருவத்தின் கடைசி நாள், பரிசளிப்பு. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ரிப்போர்ட் கார்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

“மேடம், உங்க ஸ்கூல் மடல நெட்ல பாத்தேன். ரொம்ப அழகா வந்திருக்கு. யாரு பண்ணினது?” ஒரு ஆண் குரல், மரியாதையான குரல்.

முத்திரையைக் கீழே வைத்தாள். “நான்தாங்க” என்றாள்.

“ஒவ்வொரு படத்துலயும் ஒரு உழைப்பு தெரியுது மேடம். நாளைக்குக் கடைசி நாள் போட்டிருக்கே, எத்தனை மணிக்கு விடுவீங்க?”

“பரிசு குடுத்து முடிச்சு பன்னெண்டு மணிக்கு விட்ருவோங்க.”

“எந்த வாசல்ல நிக்கணும்?”

“சின்ன கிளாஸ்னா பக்கத்து கேட்டு. மத்தவங்களுக்கு மெயின் கேட்டு. நீங்க எந்தப் பிள்ளைக்கு…?”

“அந்தப் பூசைப் படத்துல நடுவுல நின்னு பாடுதுல்ல, அந்தப் பிள்ளைக்கு. ரெண்டு வருஷமா நெட்ல ஒவ்வொரு ஸ்கூலா தேடிக்கிட்டிருந்தேன். நல்லா வளந்துருச்சு.” அவன் சிரித்தது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

அவன் யார் என்று கிளார்க்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருஷம் காத்திருந்து வந்த பாராட்டு. அந்த ஒரு பாராட்டுக்குப் பல்லைக் காட்டி, மணியும் சொன்னாள், வாசலும் சொன்னாள். டீச்சர் மாற்றிக் கொடுத்த படம், நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே தன் மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து பெரிய சிஸ்டரின் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் கையிலிருந்த பரிசுப் பட்டியலைக் கீழே வைத்தார். கிளார்க்கம்மாவுக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது.

“இப்ப அழக் கூடாது” என்றார் சிஸ்டர். “அழுறதுக்கு லீவு பூரா இருக்கு. மொதல்ல படத்த நெட்லேந்து எடுங்க. அந்த அம்மாவுக்கு போன் போடுங்க. போலீசுக்கு நான் பேசறேன்.”

முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மா வந்துவிட்டாள். சலவைக்கூடத்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள், மேலெல்லாம் கஞ்சி வாடை. நடந்ததைக் கிளார்க்கம்மாவே சொன்னாள். அவள் நின்றபடியே கேட்டாள். கத்தவில்லை.

“எத்தனை மணின்னு சொன்னீங்கக்கா?”

“பன்னெண்டு.”

“நாளைக்குத்தானே?”

“நாளைக்கு.”

“அப்ப இன்னிக்கு ஒரு நாள் இருக்கு” என்றாள்.

போலீஸில் ஒருவர் நாளைக்கு வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் சிஸ்டர். அந்த அம்மா தலையை ஆட்டினாள். “நாளைக்கு நிப்பாரு சிஸ்டர். நாளன்னிக்கு?” சிஸ்டர் கிளார்க்கம்மா பக்கம் திரும்பினார். டி.சி. எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

கிளார்க்கம்மா டி.சி. படிவத்தை எடுத்து அடித்தாள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, நடத்தை. பள்ளியை விட்டுப் போவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. அங்கே அவள் விரல் நின்றுவிட்டது. காரணம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

“சொந்தக் காரணம்னு போடுங்க” என்றார் சிஸ்டர் பின்னாலிருந்து, மெதுவாக.

“எந்த ஊருன்னு மட்டும் எதுலயும் எழுத வேணாம்க்கா” என்றாள் அந்த அம்மா. “எனக்கே இன்னும் தெரியாது.”

கிளார்க்கம்மாவுக்குத் தாங்கவில்லை. “என்னை நாலு வார்த்தை திட்டிட்டாவது போயேம்மா” என்றாள்.

“திட்டறதுக்கு நேரமில்லக்கா.”

பிள்ளையைப் பையோடு அழைத்து வந்தார்கள். மறுநாள் பரிசளிப்பில் பாட்டுக்கான கோப்பை அவளுக்குத்தான். அதை வாங்குவதற்கு எப்படி நடந்து வர வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவள். உள்ளே நுழைந்து அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“மறுபடியுமாம்மா?”

அம்மா அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிள்ளை பையைத் திறந்து, நோட்டுக்கு நடுவிலிருந்து மடலை எடுத்தாள். ஒரு முனைகூட மடங்கியிருக்கவில்லை.

“கிளார்க்கம்மா, இதப் பத்திரமா வச்சிருக்கேன். புது ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் காட்டுவேன்.”

அந்த அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். மடலின் நெற்றியில் பள்ளியின் பெயரும் தெருவும் ஊரும் கொட்டை எழுத்தில் இருந்தன, போகிற இடத்தில் யாரும் பார்க்கக் கூடாத பெயர். அதைப் பிள்ளையிடமிருந்து வாங்கியாக வேண்டும். பெற்றவளுக்கு வாய் வரவில்லை. படத்தை மட்டும் வெட்டித் தந்துவிடலாம் என்று கிளார்க்கம்மா கத்தரிக்கோலைத் தேடினாள். ஆனால் படத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளின் சட்டையிலும் பள்ளியின் சின்னம் இருந்தது.

“கண்ணு, அத எங்கிட்டக் குடுத்துடறியாடா?” என்றாள்.

ஏன் என்று பிள்ளை கேட்கவில்லை. கிளம்பு என்றால் கிளம்பிவிடவும் கொடு என்றால் கொடுத்துவிடவும் அவள் பழகியிருந்தாள். ஒரே ஒரு தடவை பிரித்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு தானே அழகாக மூடி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“என் படத்தப் போட்டதுக்கு தேங்க்ஸ் கிளார்க்கம்மா” என்றாள்.