ஒன்பதுக்குக் கீழே ஒரு கோடு

"உங்கப்பா சொல்றதை மட்டும் எழுதுவியா, இல்ல நீயா ஏதாவது சேத்துடுவியா?"

தேர்தல் அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எதுக்கும்மா தலையாட்டறே? எழுதறதுக்கா, சேக்கறதுக்கா?"

"அவ பேச்செல்லாம் பென்சில்லதான் சார்," என்றார் அப்பா. "சொன்னா சொன்னபடி எழுதுவா."

அப்பாவுக்குக் கண் மங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வீட்டு ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓட்டுப் போடலாம். துணைக்கு வருபவர், எழுதியதை வெளியில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். சொல்லமாட்டேன் என்றுதான் அதில் இருந்தது. இப்படி நோட்டில் எழுதிவைக்கமாட்டேன் என்று இல்லை.

மரவேலை செய்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் அது. உறுப்பினர்கள் நானூறு பேருக்குப் பக்கம். போன தடவை பதினோரு பேர் நின்று, வெறும் அறுபது ஓட்டு வாங்கியவர் தலைவராகிவிட்டார். அறுபது பேருக்குப் பிடித்த ஆள் நானூறு பேருக்கும் எப்படித் தலைவர் ஆவார் என்று சண்டை வந்து, விதியை மாற்றினார்கள். இனிமேல் ஒருத்தருக்கு மட்டும் ஓட்டுப் போட்டால் போதாது. நிற்கிற எல்லாருக்கும், பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், ஒரே எண் இரண்டு தடவை வந்தாலும் ஓட்டு செல்லாது.

விதி மாறியதும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. முதல் எண் கிடைக்காவிட்டாலும் ஐந்தாவது எண்ணாவது கிடைக்காதா என்று முப்பத்திரண்டு பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு ஒரு ஜன்னல் கதவு நீளத்துக்கு இருந்தது. எட்டாக மடித்தும் பெட்டியின் வாய்க்குள் போகவில்லை. அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்க, உளி வைத்துத் தட்டி வாயை அகலமாக்கினார்கள்.

"மரவேலைக்காரங்க சங்கத்துல பெட்டிக்கு வாய் பத்தலை. வெளியில சொல்லிடாதீங்கப்பா," என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"அளவு எடுத்தது நீதானேய்யா," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

முப்பத்திரண்டு பேர் நின்றாலும் எல்லாரும் பேசியது இரண்டு பேரைப் பற்றித்தான். ஒருவர் மில்காரர். மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறார். தான் வந்தால் சங்கத்தின் பொதுப் பட்டறையை மரம் அடுக்குகிற கிடங்காக மாற்றப்போவதாக நோட்டீசே அடித்துவிட்டார். சொந்தமாகப் பட்டறை இல்லாத இருபது பேர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அப்பாவும் அங்கேதான். கண் தெரியாவிட்டாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் அவர் விரலை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மூலை போய்விட்டால் அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சுவரும் சரியாகத் தெரியாது.

பட்டறையை விடமாட்டேன் என்று நின்றவர் என் சித்தப்பா. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. ஏழு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் செய்த சமயம் நடந்தது. ஒவ்வொரு கதவையும் அதற்குரிய சட்டத்துக்கு ஏற்ற மாதிரி இழைத்து, பின்பக்கம் பென்சிலில் எண் போட்டிருந்தார்கள். சித்தப்பா ஒன்பதாம் கதவைத் தலைகீழாகப் பிடித்து, ஆறு என்று நினைத்து, ஆறாம் சட்டத்தில் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றிவிட்டார். சட்டம் வாய்விட்டது. அப்பா பத்துப் பேர் முன்னால், "ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் உளி தூக்கக் கூடாது," என்றார். சித்தப்பா தன் பையை எடுத்துக்கொண்டு பட்டறையின் மறுகோடிக்குப் போனார். போனவர் போனவர்தான். நடுவில் நாற்பது அடி.

அதற்குப் பிறகு அப்பா ஆறு, ஒன்பது எழுதினால் கீழே ஒரு கோடு போட ஆரம்பித்தார். மற்ற ஆசாரிகள் புள்ளி வைப்பார்கள், அம்புக்குறி போடுவார்கள். கோடு அப்பாவுடையது மட்டும். தலைகீழாகப் பிடித்தாலும் தப்பு வராது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் மறுகோடியிலிருந்து அதைப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு கோடும் தன் மேல் போட்ட கோடாகத்தான் இருந்திருக்கும்.

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு பலகைகளுக்கு எண் எழுதுவது என் வேலையானது. கோட்டையும் சேர்த்துத்தான். அழுத்தி எழுதினால் அப்பா கட்டைவிரலால் தடவிப் படித்துக்கொள்வார்.

ஓட்டுப் போடும் தட்டிக்குள் நானும் அப்பாவும் நுழைந்தோம். மேஜை கொள்ளாமல் சீட்டு இரண்டு பக்கமும் தொங்கியது. அதில் இருந்ததெல்லாம் முழுப் பெயர். அப்பா சொன்னதெல்லாம் பட்டப்பெயர்.

"ஒண்ணு, பசைக்காரனுக்கு."

"சரிப்பா."

"ரெண்டு, நாற்காலி அண்ணனுக்கு. மூணு, அளவு தப்பாதவருக்கு."

எடுக்கிற அளவெல்லாம் தப்பாகிறவருக்குத்தான் அந்தப் பெயர்.

"அவருக்கா மூணு?"

"நல்ல மனுஷன்ம்மா. அவரால கெடுதல் மரத்துக்குத்தான்."

பன்னிரண்டு வரை விறுவிறு என்று சொன்னார். அதற்கு மேல் யாரையும் அவருக்குத் தெரியவில்லை. "மீதிப் பேருக்கு மேலேர்ந்து வரிசையா போட்டுக்கிட்டே வா. அந்த ரெண்டு பேரை மட்டும் விட்டுடு," என்றார். வெளியே யாரோ, "உள்ள படுத்துட்டாங்களா என்ன?" என்று கேட்பது காதில் விழுந்தது. கை வேர்க்க வேர்க்க எழுதினேன். முப்பது கட்டம் நிரம்பியது.

"இன்னும் ரெண்டு இருக்குப்பா."

"தெரியும்."

கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "ரெண்டு பேருக்கும் கடைசி போட முடியாதா?" என்றார்.

"போட்டா செல்லாதுப்பா. பசைக்காரருக்குப் போட்டதும் சேந்து போயிடும்."

"அப்ப மில்காரனுக்குக் கடைசி."

32 என்று எழுதினேன்.

"இன்னொண்ணு?"

"அதை ஏன் என்னைக் கேக்கறே? மீதி இருக்கற நம்பர், மீதி இருக்கற கட்டத்துக்கு."

சித்தப்பா பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. சித்தப்பாவின் கட்டத்தில் 31 என்று எழுதினேன். இரண்டு பேருமாகச் சீட்டை மடித்து, புதிதாக அகலமாக்கிய வாய்க்குள் திணித்தோம்.

மறுநாள் காலையில் சங்கத்துக் கூடத்தில் எண்ணிக்கை நடந்தது. வீட்டுக்கு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். பெஞ்சுக்கும் எண்ணுகிற மேஜைக்கும் நடுவில் ஒரு கயிறு. எங்கள் வீட்டுக்கு நான் போனேன்.

செல்லாத சீட்டுகளைக் கழித்தது போக முந்நூற்று ஐம்பத்தொன்பது. முதலில் எல்லாச் சீட்டையும் ஒன்றாம் எண்படி பிரித்தார்கள். ஒருவர் பெயரில் ஒரு சீட்டுகூட விழவில்லை.

"வீட்டுக்காரியே போடலை போல," என்றது ஒரு குரல்.

"அவங்களுக்கு ஏதுப்பா ஓட்டு? இவனே போடலை."

யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. அப்படியானால் கடைசியில் இருப்பவரை நீக்க வேண்டும். அவர் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டிலும் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்து, அவர் குவியலில் வைக்க வேண்டும். அவரும் ஏற்கெனவே போயிருந்தால் அதற்கடுத்த எண். இப்படியே சுற்றுச் சுற்றாகப் போனது. பசைக்காரர் பதினெட்டாவது சுற்றில் எழுந்து வீட்டுக்குப் போனார். நாற்காலி அண்ணன் இருபத்தொன்றில். அளவு தப்பாதவர் எப்போதோ போய், எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் சீட்டும் ஒவ்வொரு குவியலாக நகர்ந்துகொண்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில் சித்தப்பாவும் மில்காரரும் மட்டும் மிஞ்சினால் அது முப்பது பேரையும் கடந்து சித்தப்பாவிடம்தான் போய் நிற்கும். முப்பத்தொன்றாம் எண் என்பதால் ஓட்டு தேய்ந்துபோகாது. முழு ஓட்டாகவே நிற்கும்.

மூன்று மணிவாக்கில் அந்த இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். சித்தப்பாவுக்கு நூற்று எண்பது. மில்காரருக்கு நூற்று எழுபத்தொன்பது.

"ஒவ்வொண்ணா மறுபடி பாக்கணும் சார்," என்றார் மில்காரர். அதிகாரி சித்தப்பாவின் குவியலை ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். பாதியில் மில்காரர் ஒரு சீட்டின் மேல் கை வைத்தார்.

"இதென்ன சார்? ஆறுக்குக் கீழ கோடு. ஒன்பதுக்குக் கீழ கோடு. பதினாறு, பத்தொம்பது, இருபத்தாறு, இருபத்தொம்பது. வேற எந்த நம்பருக்கும் இல்ல."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பென்சிலைக் கையில் எடுத்தால் அந்தக் கோடு தானாக விழுந்துவிடுகிறது.

"போட்டவர் யாருன்னு காட்டற குறி இருந்தா செல்லாதுன்னு விதியில இருக்கு," என்றார் மில்காரர்.

அந்தச் சீட்டு போனால் இரண்டு பேரும் சமம். அப்புறம் பெயரை எழுதிக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டியதுதான்.

"யாருன்னு காட்டணும்ல," என்றார் அதிகாரி. "உங்களுக்குத் தெரியுதா, இது யாருன்னு?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் பட்டறைப் பக்கமே போனதில்ல."

அதிகாரி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். பொதுப் பட்டறை ஆட்கள் ஆறேழு பேர் அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஒருவரும் இருமக்கூட இல்லை.

"இங்கேர்ந்து எங்களுக்கு என்ன சார் தெரியப்போகுது," என்றார் அளவு தப்பாதவர்.

அதிகாரி சீட்டைச் சித்தப்பாவிடம் நீட்டினார். "உங்களுக்கு?"

சித்தப்பா அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோடுகளைப் பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் பார்த்தார். தன் பெயரைத் தேடியிருப்பார். ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு மில்காரர் பெயர் இருந்த பக்கம் போய், மறுபடியும் பழைய இடத்துக்கே வந்தது.

தெரியும் என்று சொன்னால் ஓட்டு செல்லாது. பட்டறை குலுக்கல் சீட்டின் கையில். தெரியாது என்று சொன்னால் பொய்.

"தெரியாது சார்," என்றார்.

"ரெண்டு பேருக்கும் தெரியாத குறி எப்படி ஆளைக் காட்டும்? செல்லும்," என்று சொல்லி அதிகாரி சீட்டைக் குவியலில் வைத்தார்.

நிறையப் பேர் சித்தப்பாவிடம் போய்க் கை குலுக்கினார்கள். அவர் எங்கள் பெஞ்சுப் பக்கம் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

"ஒண்ணு."

"ஒண்ணா? எந்தப் புண்ணியவான் போட்டானோ. நம்மது பசைக்காரனோட போயிருக்கும்."

"போகலைப்பா. சுத்திச் சுத்தி சித்தப்பாகிட்ட வந்துடுச்சு."

அப்பா முகத்தைத் திருப்பினார். "முப்பத்தொண்ணுதானே போட்டோம்? கால் ஓட்டு, அரைக்கால் ஓட்டுன்னு ஏதாவது கணக்கு இருக்குமே."

"இல்லப்பா. முழுசு."

"முழுசாவா?"

"முழுசா."

கோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

மறுநாள் பட்டறையில் ஒரு அலமாரிக்குப் பன்னிரண்டு இழுப்பறை. முன்பலகைகளின் பின்பக்கம் எண் எழுதிக்கொண்டு வந்தேன். ஆறு எழுதியதும் கை நின்றுவிட்டது. கோடு போடாமல் பலகையை அப்பா மடியில் வைத்தேன். ஒன்பதையும் வெறுமனே எழுதி என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

அப்பா ஆறாம் பலகையைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"கோடு எங்க?"

"போடலைப்பா."

"ஏன்?"

நான் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மறுகோடியில் இழைக்கிற சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது. சித்தப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"யாரு?" என்றார் அப்பா.

சித்தப்பா ஒன்பதாம் பலகையை எடுத்து ஒரு தடவை தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகத் திருப்பினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒன்பதுக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு, பலகையை அப்பாவின் கையில் வைத்தார்.

அப்பாவின் கட்டைவிரல் ஒன்பதைத் தடவிக்கொண்டு கீழே இறங்கிக் கோட்டில் நின்றது. நான் அவ்வளவு அழுத்திப் போடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டிலேயே விரலை முன்னும் பின்னும் ஓட்டினார். பிறகு மடியில் இருந்த ஆறாம் பலகையை எடுத்து நீட்டினார்.

"இதுக்கும் போட்டுடு."

சித்தப்பா வாங்கினார். முழங்காலில் வைத்துக்கொண்டு கோடு போட்டார். பென்சில் தூளை ஊதிவிட்டு, பலகையை அப்பாவின் மடியில் திரும்ப வைத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நாற்பது அடியையும் நடந்து தன் இடத்துக்குப் போனார்.