கானுக்கு அந்தப்பக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹட்டன் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திய என்னை, தேத்தண்ணி குடிக்கக்கூட விடாமல் பந்து போடச் சொன்னாள் என் மனைவி பிரேமினி. போனைக் கல்லில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்தோம். பிறகு அவள் படியில் உட்கார்ந்து அதை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கல்யாணம் கட்டும்வரை பேஸ்போல் என்பது அமெரிக்காக்காரர்கள் படத்தில் ஆடுவது என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லே ஆடிய பெண் அலுமினிய மட்டையோடு வாழ வருவாள் என்று தரகர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏற்கனவே இரண்டு வருஷமும் போய், எடுபடாமல் திரும்பி வந்தவள். கண் நல்ல கண், பந்து மட்டையில் படுகிறது, ஆனால் தூரம் போவதில்லை என்று பயிற்சி தருகிற சிங்கள மிஸ் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் இல்லையென்றால் மட்டையை மிஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று பிரேமினி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்துவிடுவாள், அதுதான் எனக்குப் பயம். மட்டை பிடிக்காத நாளில் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வீடியோவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பின்காலில் இருந்த பாரம் முன்காலுக்கு வருகிறது. இடுப்பு முதலில் திரும்புகிறது, கை பின்னாலேயே வருகிறது. ஆனால் பந்தில் பட்டதும் மட்டை நின்றுவிடுகிறது. தோளைச் சுற்றி முதுகுப்பக்கம் போகவேண்டியது, குறுக்கே மாடு வந்த ஆட்டோ மாதிரி பிரேக் போடுகிறது.

"இது லயத்து அடிங்க," என்றாள் பிரேமினி.

எனக்கு உடனே விளங்கியது. அவளும் என்னைப்போலத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். லயத்து வாசல் என்பது பத்து எட்டு நடந்தால் முடிந்துவிடும். அதற்குக் கீழே சரிவாகத் தேயிலை, அதற்கும் கீழே தண்ணீர் ஓடுகிற கான். தேயிலைக்குள் பந்து போனால் அடித்தவன் அவுட். அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அவனே போய்த் தேடவும் வேண்டும். அதனால் நாங்கள் எல்லோரும் அடித்த கையோடு இழுத்துப் பிடிக்கப் பழகினோம். வளர்ந்த பிறகும் கை அதை மறக்கவில்லை. இத்தனை நாளும் அவள் பந்து தொலையாதபடி, தேயிலைக்கு முதுகு காட்டி மண்மேட்டைப் பார்த்து நின்றுதான் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு தேயிலைய பாத்து நிக்கிறேன். பந்து போனா போவட்டும்."

மிஸ் தந்திருந்தது மூன்றே பந்து.

சனிக்கிழமை விடிந்ததும் வாசல் ஓரத்தில் இருந்த கொடிக்கயிற்றை அவிழ்க்கப் போனேன். என் அம்மா மீனம்மா விடவில்லை. துணியை உன் தலையிலா காயப்போடுவது என்று கேட்டுவிட்டு, தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனாள். சின்ன வயதில் தேயிலைக்குள் அடிக்காதே என்று எங்களைத் துரத்தியவள் அவள்தான், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நாங்கள் கயிறு இல்லாத மூலைக்கு ஒதுங்கினோம். பக்கவாட்டில் குந்தி, அவள் இடுப்புயரத்துக்குப் பந்தை எறிந்து கொடுப்பது என் வேலை.

முதல் பந்தில் கை நின்றது. இரண்டாவதிலும் நின்றது. இரண்டும் பக்கத்துச் செடிகளுக்குள்தான் விழுந்தன. என்னை அறியாமல் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"வாய மூடிக்கிட்டு போடுங்க."

மூடிக்கொண்டு போட்டேன். பட்ட சத்தமே வேறாக இருந்தது. மட்டை சுற்றிப்போய் முதுகில் இடிக்க, அவள் தடுமாறி ஓர் எட்டு வைத்தாள். பந்து பனிக்குள் போய்விட்டது. விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

அட்டைக்கடியோடு தேடினோம். முதல் இரண்டும் கிடைத்தன, அது கிடைக்கவில்லை. சறுக்கிப்போய்ப் பக்கத்தில்தான் எங்கேயோ விழுந்திருக்கும் என்றாள். தூரமாகத்தான் போயிருக்கும் என்றேன். புருஷன் சொல்வதற்கு அவள் என்றைக்கு மதிப்புக் கொடுத்தாள்? அன்று முழுக்கப் பந்தில்லாமல் வெறும் மட்டையை வீசிக்கொண்டிருந்தாள், அடுப்பில் சோறு வேகும்போதும்கூட.

சாயங்காலம் அம்மா கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடு ஏறி வந்தாள். மடியிலிருந்து பந்தை எடுத்துப் படியில் வைத்தாள். தையலில் ஈரமாக ஒரு தேயிலை ஒட்டியிருந்தது.

"கானுக்கு அந்தப்பக்கம் கெடந்துச்சு. அம்மாந்தூரம் அடிச்சா யாரு புள்ள போயி பொறுக்குறது?"

கானுக்கு அந்தப்பக்கம் எங்கள் லயத்தில் யாரும் அடித்ததில்லை. நெஞ்சு நிறைந்துபோய் நான் பிரேமினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பந்தைப் பாவாடையில் துடைத்து என் கையில் வைத்துவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு மூலைக்கு நடந்தாள்.

"அங்கன ஏன் ஒடுங்கிக்கிட்டு?" என்றாள் அம்மா.

காயாத துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தாள். பிரேமினி வாசல் நடுவில் வந்து காலை அகட்டி நின்றாள். அம்மா கயிற்று முனையைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்று, கீழே கானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.