பம்ப் ரூம் எலி

இந்த முறை சத்தியமாக அவள் கை வைக்கவில்லை. பம்ப் ரூம் சுவரில் இருக்கும் பெட்டி தானாகவே இணைப்பை விட்டுவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வழக்கமாக அந்த விளக்கு சிவந்தால் சற்று நேரத்தில் மகனிடமிருந்து போன் வந்துவிடும். இந்த முறை போன் வரவில்லை. செய்திதான் வந்தது. "அம்மா, குளத்துப் பெட்டி மறுபடியும் மக்கர் பண்ணுது. கம்பெனிலேர்ந்து ஆள் வருவாங்க. கதவைத் திறந்து விட்டா போதும்."

கதவைத் திறந்து விட்டா போதும். அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள். கண்ணாடி வேறு காணாமல் போயிருந்தது. போனை எட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

வீடு மகன் வாங்கிப் போட்டது. அவன் இருப்பது வேறு தேசம். இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே பல் தேய்த்துக்கொண்டிருப்பான். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து தங்கலாம் என்று தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டினான். பிள்ளைகள் ஒரே ஒரு முறை வந்தார்கள். கண் சிவக்கச் சிவக்க நீந்தினார்கள், வீடு முழுக்க ஈரக்காலோடு ஓடினார்கள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் நீந்துவது சருகுகள்தான். ஆனால் குளத்துக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. பம்ப் எப்போது ஓட வேண்டும், தண்ணீருக்குள் விளக்கு எப்போது எரிய வேண்டும், குளோரின் எவ்வளவு கலக்க வேண்டும், எல்லாம் அந்தப் பெட்டி வழியாக அவன் போனிலிருந்தே நடக்கும். தண்ணீர் கொஞ்சம் சூடானால்கூட அவனுக்குத் தகவல் போய்விடும். பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்லத்தான் ஒரு பெட்டியும் இல்லை.

அவளாகப் போன் செய்யாமல் இல்லை. மணி அடிக்கும், நிற்கும், பிறகு 'அப்புறம் அழைக்கிறேன்' என்று ஒரு வரி வந்து விழும். அதை அவன் தட்டுவதில்லை, போனே அனுப்பிவிடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த 'அப்புறம்' எந்தக் காலண்டரில் இருக்கிறதோ தெரியவில்லை. கெட்டவன் இல்லை அவன். வேலை அவனைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவளும் நாளடைவில் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் வாயைத் திறந்து பேசுவதற்கு அவளுக்குப் பால்காரரும் டிவியும்தான் மிச்சம். அதில் டிவி பதில் பேசாது, பால்காரர் நிற்கமாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் இடி இடித்து, கரண்ட் போய் வந்ததில் பெட்டி இணைப்பை இழந்தது. அன்றைக்குத்தான் மகன் தானாகப் போன் செய்தான். "அம்மா, பம்ப் ரூமுக்குப் போ. அந்தப் பெட்டியை அணைச்சுட்டு மறுபடி போடு. என்ன விளக்கு எரியுதுன்னு சொல்லு." அந்தப் பெட்டி இருக்கிறதே, எழுந்திருக்க மகா சோம்பேறி. முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், மஞ்சள் மினுக்கி மினுக்கி, ஒருவழியாகப் பச்சை. பச்சை வரும்வரை அவன் போனை வைக்க முடியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு நேரம் சும்மா நிற்பான்? "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான்.

"ஆச்சுடா" என்றாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

பிறகு அவன் சின்னவளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னான். முதுகு வலிக்கிறது என்றான். நாற்காலி சரியில்லை என்றான். சின்ன வயதில் செய்வதுபோலப் பேச்சுக்கு நடுவில் கொட்டாவி விட்டான். பச்சை விளக்கு வந்தபோது அவள் உடனே சொல்லவில்லை. "இன்னும் மஞ்சள்தான்டா" என்று கொஞ்ச நேரம் ஓட்டினாள். அந்தப் பெட்டிக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது அவளுக்கு.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்று சொல்லி மகனை வரவழைக்கிற அம்மாக்கள் உண்டு. அதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது, பிள்ளை பதறிப்போவான். இயந்திரத்துக்கு நோவு வந்தால் யாருக்கு என்ன பாவம்? பெட்டியின் அடியில் செருகியிருக்கும் நீல வயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். அடிக்கடி செய்யக் கூடாது. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். மனம் ரொம்பவும் தாங்காமல் போனால் மட்டும்தான். மனம் என்னவோ அடிக்கடி தாங்காமல் போய்க்கொண்டிருந்தது.

வயர் பிடுங்குவது அவளுக்குப் புதிதா என்ன? ரிடையர் ஆகும்வரை ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். இந்தத் துளையிலிருந்து எடுத்து அந்தத் துளையில் செருகி, ஊரில் உள்ளவர்களையெல்லாம் பேசவைத்த கை. அந்தக் காலத்து வயரைத் தலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இந்த நீல வயரையும் அவள் அப்படித்தான் இழுத்தாள்.

கம்பெனி ஆள் பிற்பகலில் வந்தார். நடுவயது, காதோரம் நரை, சட்டைப் பையில் டெஸ்டர். கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்று யாரோ சொல்லி வளர்த்தவர் போல வாசலிலேயே தயங்கி நின்றார்.

"குளத்துப் பெட்டி எங்கம்மா இருக்கு?"

"பின்னாடி. வாங்க தம்பி."

பம்ப் ரூமில் குளோரின் நெடி மூக்கைப் பிய்த்தது. அவர் அவசரப்படவில்லை. முதலில் பெட்டிக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் ரௌட்டரைப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. ஒரு சின்னச் சோதனைக் கருவியை நீல வயரின் இரண்டு முனையிலும் மாட்டினார். அதில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி எரிந்தன, வயரிலும் குறையில்லை. அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சரியாகிவிட்டால் போன் போச்சு. கண்டுபிடித்துவிட்டால் மானம் போச்சு.

வயரின் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த அவர் "அட" என்றார். அந்த பிளக்கின் தலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்க வேண்டுமாம். உள்ளே போனதும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது அதை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்து இழுத்து, கொக்கி அடியோடு முறிந்து போயிருந்தது. பிடிமானம் இல்லாத வயர் பம்ப் ஓடுகிற அதிர்விலேயே கண்ணுக்குத் தெரியாத அளவு நழுவிவிட்டது.

ஆக, இந்தத் தடவையும் குற்றவாளி அவளேதான்.

"இதை யாராவது அடிக்கடி கழட்டுவாங்களாம்மா?"

"இங்க யாரு இருக்கா தம்பி? நான் ஒருத்திதான்."

பெட்டியின் மேல் மூடியைத் திறக்கக் கையை உயர்த்தியவர், அதன் தலையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். "இது உங்களோடதா?"

வீடெல்லாம் கவிழ்த்துத் தேடிய அவளுடைய மூக்குக் கண்ணாடி, உறையோடு. அவள் வாங்கிக்கொண்டாள். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார்.

"சொல்லுங்க சார். ஆமா சார், உங்க வீட்லதான் இருக்கேன்."

போனிலிருந்து வந்தது அவள் மகனின் குரல். அவள் கேட்டு எத்தனையோ நாளான குரல், இன்னொருவர் கையிலிருந்து, அவளைத் தாண்டி எங்கோ பேசிக்கொண்டிருந்தது.

"என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுதா?"

"பெட்டில கோளாறு இல்ல சார். வயரை என்னவோ இழுத்திருக்கு."

"என்னவோன்னா? எலியா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடி உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா சார்" என்றார் அவர் மெதுவாக. "எலிதான்."

"சே. அதான் எப்பப் பாத்தாலும் இதே தலைவலி. மருந்து வச்சிடுங்க. அந்த வயருக்கு ஏதாவது மூடி போட்டுப் பூட்டிடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

தலைவலி. மருந்து வைக்கச் சொன்னதுகூடச் சிரிப்பாக இருந்தது. தலைவலி என்ற சொல்தான் உள்ளே போய்த் தைத்தது. தானும் இரண்டு வார்த்தை பேசலாமா என்று கையை நீட்டப் போனவள், நீட்டாமல், "டீ போட்டுக் கொண்டுவரேன்" என்று உள்ளே நடந்தாள். டீ கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

அவள் தம்ளரோடு திரும்பி வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. அவர் பழைய முனையை வெட்டிப் போட்டுவிட்டு, உள்ளிருந்த மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, புது பிளக்கை வைத்து இடுக்கியால் அழுத்திக்கொண்டிருந்தார். செருகினார். 'டிக்' என்றது. சிவப்பு, மஞ்சள், பச்சை. தோட்டத்தில் அந்தப் பகல் வெளிச்சத்திலேயே குளத்து விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. மகன் அங்கிருந்து சோதித்துப் பார்த்திருக்கிறான்.

"இனிமே விடாது" என்றார். இணைப்பின் மேல் சின்னத் தகர மூடி ஒன்றை வைத்துப் பூட்டினார். டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடி உறையை வாங்கி, "கண்ணாடியைத் தூசில வச்சிருக்கீங்க" என்று துணியால் துடைத்துக் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். பிறகு "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி படிக்கலாம் என்று உறையைத் திறந்தபோதுதான் உள்ளே கண்ணாடியோடு அந்தச் சின்னச் சாவி இருப்பதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது; சிரிப்போடு கண்ணும் கலங்கியது. மனிதர் எலியிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாவியைத் தொடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரரும் பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பொழுது சாயும் நேரத்துக்கு மகனுக்குப் போன் போட்டாள். அடித்தது, நின்றது. 'அப்புறம் அழைக்கிறேன்' வந்து விழுந்தது. குளத்து விளக்கு மட்டும் நேரம் தவறாமல் எரிந்தது. நீலத் தண்ணீர் கூடத்துச் சுவரெல்லாம் நெளிந்தது.

அவள் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். கொக்கியை அழுத்தி, இந்த முறை மரியாதையாக, வயரை எடுத்தாள். பெட்டி சிவந்தது. உள்ளேகூட வரவில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டாள். எலியைப் பார்த்தேன்டா, வயசான எலி, பாவம், மருந்தெல்லாம் வேணாம்.

போன் அடித்தது. பெயரைக்கூடப் பார்க்காமல் எடுத்தாள். "கண்ணா!"

"அம்மா, நான் கம்பெனிலேர்ந்து பேசறேன்" என்றது குரல். "அன்னிக்கு வந்தேனே."

அவள் வாளியிலிருந்து எழுந்து நின்றாள்.

"பெட்டி அணைஞ்சா தகவல் இனிமே எனக்குத்தாம்மா வரும். சார் மாத்தி விட்டுட்டார். நீங்க டீ போடப் போயிருந்தப்ப. சொல்லிட்டுப் போகணும்னுதான் நினைச்சேன். வாய் வரல."

"அவனுக்கு?"

"அவருக்கு வராதும்மா."

பம்ப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பேசாத தொண்டை கரகரத்தது. "உங்களுக்கு வீண் தொந்தரவு தம்பி. லீவு நாள் வேற. நானே செருகிடறேன். நீங்க போனை வைங்க."

"செருகுங்க. டிக்னு சத்தம் வந்துச்சா?"

"வந்துது."

"என்ன விளக்கு எரியுது?"

"சிவப்பு."

"சரி. அது எந்திரிக்க நேரமாகும். பச்சை வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

இருவரும் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தமும், யாரோ கதவைச் சாத்துவதும் கேட்டது. பெட்டி மஞ்சளுக்கு மாறியது. மஞ்சள் மினுக்க ஆரம்பித்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் அவர்.

ஆச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பெற்ற பிள்ளையிடம் இத்தனை நாளும் சொல்லிப் பழகிய பதில் அது.

"இல்ல தம்பி" என்றாள். "இன்னும் சாப்பிடல."