மோட்டார் மூடியில் ஒரு தேதி

1

ஜூன் 14, சனி. ஒரு சிறு பிழை. நேற்று மாலை கதை எழுதும் பயிற்சி வகுப்பில் வாசித்த பக்கத்தில், "மார்ச் ஆறாம் தேதி அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தார்" என்று எழுதியிருந்தேன். அது தவறு. அவர் போகவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்த உட்கார்ந்தபோது தொடங்கியதுதான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "ஊருக்கு உழைத்த உத்தமர் ஒருவர்..." (அடித்துவிட்டேன். அப்பா வாசித்தால் "யாருடி இந்த ஆளு?" என்பார்.)

இரண்டாவது: "பகலில் தொழிற்சாலையில் ஃபிட்டர், மாலையில் தெருவுக்கே பிளம்பர்." பரவாயில்லை. ஆனால் வேலை தெரிகிறது, ஆளைக் காணோம்.

மூன்றாவது: அப்பாவின் காதில் எப்போதும் ஒரு தச்சுப் பென்சில் இருக்கும். தெருவில் அவருக்குப் பெயரே பென்சில் அண்ணன். எந்த வீட்டில் எதைப் பழுது பார்த்தாலும், அதன் மேலோ பக்கத்துச் சுவரிலோ தேதியையும் செய்த வேலையையும் எழுதிவிட்டுத்தான் கிளம்புவார். அடுத்து வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமாம். அடுத்து வருகிறவனும் அவர்தான்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பத்து நாளாக வீடு வீடாகப் போய் அந்த எழுத்துகளை நோட்டில் படியெடுத்தேன். முப்பத்தொரு வீடுகள். "வாஷர் புதுசு. இறுக்கித் திருகாதீர்." மாடி வீட்டு வாத்தியாரின் குளியலறையில்: "இது மூன்றாம் முறை. குழாய் பிடித்துத் தொங்குவதற்கு அல்ல."

எங்கள் சமையலறைக் குழாய் நான்கு வருடமாகச் சொட்டுகிறது. அதன் பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

[குறிப்பு: "ஊரார் வீட்டுக்கு ஓடுற காலு, நம்ம வீட்டுக்கு மட்டும் நொண்டுது" என்பாள் அம்மா. "நம்ம குழாய் கோவிச்சுக்காதுடி" என்பார் அப்பா.]

இப்படி எழுதினால் வீட்டை மறந்தவர் போல ஆகிவிடும். அப்படியில்லை. அம்மாவுக்குக் கால் வலித்தால், அவள் சொல்லும் முன்பே வெந்நீர் வைப்பார். என் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், எதிர்ப்புறக் கடைப்படியில் அவர் —

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். இப்படியே கிடக்கட்டும்.)

4

கடைசியாக, இன்று காலை போனது தையல்கார அத்தை வீடு. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவர், அதனால் எனக்கு அத்தை. தண்ணீர் மோட்டாரின் மூடியைக் கழற்றித் திருப்பினேன். "மார்ச் 6. பேரிங் மாற்றியது. காலை 9 முதல் பகல் 3 வரை."

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்கு மேல் சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து, "டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டார். வெறும் வாயுவாம்" என்று சொல்லி, இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டேதாம்மா வந்தாரு" என்றார் அத்தை. "நான்தான் ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லண்ணேன்னு மூக்கால அழுதேன்." ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தினார். "அப்புறம் போனாருல்ல?"

"போனாரு அத்தை. சாயங்காலமா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் வந்திருக்குமோ?

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. முதல் பிரதியில் "பொய் சொல்லத் தெரியாதவர்" என்று எழுதியிருந்தேன். வீட்டில் பொய் சொன்ன மனிதர், மோட்டார் மூடியில் மட்டும் உண்மையை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாளாவது போயிருக்கலாம். அவர் நெஞ்சு நின்றுபோவதற்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. பயமா, சோம்பலா, யார் வீட்டிலாவது குழாய் உடைந்ததா? அந்த நாட்களின் தேதியோடு இன்னும் ஐந்து வீடுகளில் அவர் எழுத்து இருக்கிறது.

5

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"எழுதிட்டியா?"

அவள் கேட்டது இந்தக் கதையை இல்லை, ஆஸ்பத்திரி டாக்டர் மேல் கொடுக்க வேண்டிய புகார்க் கடிதத்தை.

"இல்லம்மா."

"வாயுன்னு சொல்லி அனுப்பினானே, அவனை நான் சும்மா விட மாட்டேன். திங்கட்கிழமை நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன். நோட்டு நோட்டா எழுதித் தள்ளுற. பெத்தவளுக்கு ஒரு பக்கம் எழுதக் கை வலிக்குதா?"

"எழுதறேன்மா."

இரண்டரை மாதமாக அம்மா எழுந்து நடமாடுவதே அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான். அதைப் பிடுங்கினால் அது எங்கே போகும்? அத்தை மேலா? அப்பா மேலா? போன மனிதர்மேல் கோபப்படுவது அம்மாவுக்குத் தாங்குமா?

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. மகள் புகாரை எழுதிக் கொடுக்கிறாள். தான் பார்க்கவே இல்லாத நோயாளிக்காக யாரோ ஒரு டாக்டர் பதில் சொல்கிறார்.

ஆ. மகள் மூடியை ஈரத்துணியால் துடைக்கிறாள். பென்சில்தானே, போய்விடும். (எழுதும்போதே கை கூசியது.)

இ. மகள் சொல்லிவிடுகிறாள். அம்மா உடனே —

இங்கே நின்றுவிட்டேன். இருபத்து நான்கு வருடமாகப் பழகியும், அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியாது. அந்த வரி அம்மாவுடையது.

நாளை, ஞாயிறு: காலையில் அம்மா துணி துவைத்து முடித்ததும், அவளை உட்கார வைத்து, மோட்டார் மூடி வரும் நான்காம் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும்.