சாட்சி இருந்த ஊர்

கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்துப் பெண் தனுஷிகா, ஒரு கொலை வழக்கின் சாட்சியாக மலைக்குத் திரும்பினாள். அவள் வேலை பார்த்த வீட்டு முதலாளி போதைத்தூள் கடத்துகிறவர். டிரைவர் மதுரன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்ற சந்தேகத்தில், அவனைக் கராஜில் வைத்து அடித்தே கொன்றார்கள். சமைத்துக்கொண்டிருந்த குசினியின் ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள்.

தோட்டத்து லயத்தில், சொந்த வீட்டில் விட்டால் ஆபத்து என்று பொலிஸ் அவளை நானுஓயாவில் ஒரு வீட்டில் தங்கவைத்தது. துணைக்கு சர்மிளா என்ற பெண் கான்ஸ்டபிள். மகள் குவைத்துக்குப் போய்விட்டாள் என்று லயத்தில் சொல்லிவந்தாள் அம்மா மீனம்மா.

சாட்சியத்துக்கும் அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை. நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் கேமராவின் முன் உட்காரவைத்தார்கள். திரையில் நீதிமன்றம் தெரிந்தது, கூண்டில் முதலாளி.

எதிர்த்தரப்பு வக்கீல் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“முதலாளி அங்க இருந்தாருன்னு எப்படிச் சொல்றீங்க?”

“பாத்தேங்க. அவரு சட்டையெல்லாம் ரத்தம். நான்தான் கழுவுனேன்.”

“கொலைன்னு தெரிஞ்சுமா?”

“கழுவச் சொன்னாரு. கழுவுனேன்.”

அழுவாள் என்று சர்மிளா தண்ணீர்ப் போத்தலோடு காத்திருந்தாள். அழவில்லை. கடைக்குப் போனால் மதுரன் அவளுக்கும் மீன் வைத்த மாலுபாண் ஒன்று வாங்கிவருவான். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

அப்போது ரயில் கூவியது. ஸ்டேஷன் ஒலிபெருக்கி ஊரின் பெயரை மூன்று மொழியிலும் உரக்கச் சொன்னது. சர்மிளா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். திரையில் முதலாளி தலை நிமிர்ந்து, தன் வக்கீலைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

சாட்சியம் முடிந்ததும் சர்மிளா அவள் கையைப் பிடித்தாள்.

“தங்கச்சி, ஊர் பேரு அவங்களுக்குக் கேட்டுருச்சு. வீட்டுக்குப் போக வேணாம். நேரா வேன்ல ஏறு.”

“என் துணிமணி?”

“பின்னால அனுப்புவாங்க.”

“அம்மா?”

“அவங்களையும் கூட்டியாறாங்க.”

கடலோர ஊர் ஒன்றில் அம்மா வந்து இறங்கினாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை அப்படியே ஏற்றியிருந்தார்கள். செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரமாகவே இருந்தது. மகளைத் திட்டவில்லை. சாக்கை அவிழ்த்து வெயிலில் போட்டாள்.

தீர்ப்பு வந்த அன்று சர்மிளா போன் செய்தாள்.

“மரண தண்டனை, தங்கச்சி. நீ சொன்னதுலதான் கேஸே நின்னுச்சு.”

“சரிங்கக்கா.”

அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “என்னவாம்?”

“மரண தண்டனையாம்.”

“அப்ப ஊருக்குப் போலாமா?”

“இல்லம்மா. அவரு ஆளுங்க வெளியிலதான் இருக்காங்க.”

மீனம்மா கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். பிறகு அடுத்த மீனை எடுத்தாள். தனுஷிகா உள்ளே போய் அரிசி களைந்தாள்.