தண்ணீர்த்தொட்டி வளைவு

அவளுடைய வீட்டுக்காரருக்குச் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து வைத்த பெயர் தூங்குமூஞ்சி. வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மனுஷர் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டி, தெருமுனை தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவார். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது என்று பார்த்தால் பக்கத்து சீட்டில் மூட்டையைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அவளும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்புக்குள் எவ்வளவு பெருமை இருந்தது என்பது, அவர் தூங்குவதை நிறுத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

நிறுத்தியது தண்ணீர்த்தொட்டி வளைவு. குன்றைச் சுற்றி இறங்கும் சாலையில், பெரிய குடிநீர்த் தொட்டிக்குக் கீழே, தார் ரோடு சட்டென்று மடங்கும். மழை விட்ட ஒரு காலையில் அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். வண்டியோ கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் அதன் உடம்பெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, பின்பக்கம் வழுக்கி, பள்ளத்து ஓரத் தடுப்பில் போய் இடித்து நின்றது. தூங்கிக்கொண்டிருந்தவருக்குத் தோள் எலும்பில் விரிசல். ஓட்டியவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது.

எலும்பு கூடிவிட்டது, மனுஷர்தான் காரில் ஏறவில்லை. அவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். அதே பக்கம் சோபா பட்டறையில் உறை தைப்பவள் அவள். இத்தனை வருஷமும் ஒரே வண்டியில் போய் வந்தவர்கள், இப்போது அவர் பஸ்ஸுக்கும் இவள் காருக்குமாகப் பிரிந்து கிளம்பினார்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"வண்டியை வித்துடலாம்மா. கேன்டீனுக்குக் காய் போடுறவர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிட்டேன்."

"வண்டி மேல பயமா, என் மேல பயமா? அதை மட்டும் சொல்லுங்க."

"சேச்சே! உன் மேல என்ன பயம்? வண்டி மேலதான்."

சொன்னார். ஆனால் வெங்காயத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்படின்னா வண்டியைத்தானே சரி பண்ணணும்? பண்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த வளைவுல நீங்க தூங்குவீங்க. தூங்கலைன்னா தாராளமா வித்துக்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

"தூங்குறதுக்கெல்லாம் பந்தயமா? ஆளை விடு தாயே!" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சரிபண்ணிய பிறகும் இவர் கண் மூடவில்லை என்றால், பயம் வண்டி மேல் இல்லை, தன் மேல்தான் என்று அர்த்தம். அது தெரிந்துவிட்டால் எப்படிச் சேர்ந்து குடித்தனம் பண்ணுவது?

பட்டறையில் லீவு சொல்லிவிட்டு நேரே தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். ஒர்க்‌ஷாப் என்றால் பெரிய இடமெல்லாம் இல்லை, தகரக் கூரையும் கரும்பிசுக்குத் தரையுமாக ஒரு கொட்டகை. தம்பி முன்பக்கத்தை ஓங்கி அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான். வண்டி மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தது.

"பார்த்தியாக்கா? நீ என்ன கேட்டாலும் சரி சரின்னு சொல்லும், ஒண்ணும் செய்யாது. மாமாவோட குணம் அப்படியே ஒட்டிக்கிச்சு."

"உன் வாய்க்கு ஒருநாள் என்கிட்ட வாங்குவே. என்ன போயிருக்குன்னு சொல்லு."

போனது ஒன்றா இரண்டா? ஷாக் அப்சார்பர் நாலும் ஓய்ந்துவிட்டன. சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் இரும்புக் கைகளில், மூட்டுக்கு மூட்டு உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் வெடித்துக் கிடந்தன. ஸ்டீயரிங்கைத் தொட்டு ஆட்டினால் சக்கரம் அசையாமல் கையில் மட்டும் தொளதொளத்தது. தம்பிக்கு ஒரே குஷி. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, கல்லு மாதிரி ஷாக் போட்டு, பார்க்கிறவன் வாயைப் பிளக்கிற மாதிரி பண்ணிவிடலாம் என்றான்.

"வாயைப் பிளக்க வேண்டியது உன் மாமா ஒருத்தர்தான். தோள்பட்டை உடைஞ்ச மனுஷனை வச்சுக்கிட்டு கல்லு மாதிரி ஷாக்கா? சாயவும் கூடாது, தூக்கியும் போடக் கூடாது. அப்படிப் போடு."

தம்பி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான். ஸ்பிரிங் பழைய உயரத்துக்கே, கொஞ்சம் கூடுதல் விறைப்பில். ஷாக் நல்லதாக, நடுத்தர இறுக்கத்தில். வளைவில் வண்டி சாயாமல் இழுத்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பி மட்டும் முன்னதைவிடத் தடியாக. ஸ்டீயரிங் பக்கம் தேய்ந்த மூட்டுகள் எல்லாம் புதுசு. சின்ன வயசில் தம்பி பிரித்துப் போட்டதையெல்லாம் மாட்டிவைத்தவள் அவள்தான், அதனால் ஸ்பேனர் அவளுக்குப் புதிதில்லை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அக்காவும் தம்பியும் இரண்டு நாள் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்தார்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, போல்ட் இறுக்குவதுதான் பாக்கி என்கிற நேரத்தில் தம்பிக்கு ஒரு போன். நடுரோட்டில் ஒரு லாரி நின்றுவிட்டதாம். "இதோ வந்துடுறேன், நீ கொஞ்சம் உட்காருக்கா" என்று ஓடினான். அவளாவது உட்காருவதாவது! நீளப் பிடி ஸ்பேனரை எடுத்து, ஒவ்வொரு போல்ட்டாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். இறுக்கி முடித்து, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கியும் வைத்துவிட்டாள். தம்பி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான், எல்லாம் கச்சிதம். "எங்கக்கான்னா சும்மாவா!" என்று சொல்லிவிட்டுச் சக்கரங்களின் கோணத்தை மிஷினில் சரிபார்த்து அனுப்பினான்.

சனிக்கிழமை காலை அவரை ஏற்றினாள். பந்தயம் என்று ஒன்று இருந்ததால் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். ஸ்டீயரிங் சொன்னவுடன் கேட்டது, அதில் குறையில்லை. ஆனால் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வண்டி துள்ளியது. திருப்பிய திசையில் நிற்காமல் எதுவோ பிடித்து இழுக்கிற மாதிரி முரண்டு பிடித்தது. வளைவு வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு நொடி அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் வாயைப் பார்த்தாள், இறுக்கி மூடியிருந்தது. காலைப் பார்த்தாள், இல்லாத பிரேக்கைத் தரையோடு சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தது.

வளைவு தாண்டியதும் சோம்பல் முறித்தார். "அப்பாடா, நல்ல தூக்கம்!"

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். "யாருகிட்ட நடிக்கிறீங்க? பாவம்னு பார்த்துப் பொய்த்தூக்கம் தூங்குறதுக்கு, வண்டியையே வித்துடலாம். என் மேல நம்பிக்கை இல்லைன்னு நேராச் சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்." தாங்கிக்கொள்கிற குரலாக அது இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் பதறிப்போனார். "ஐயோ, உன்னைச் சொல்லலைம்மா! நீ அழக்கூடாதேன்னுதான் கண்ணை மூடுனேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனா என் முதுகுக்குத் தெரியுது. இது திமிறுது. உள்ளுக்குள்ள என்னமோ முறுக்கிக்கிட்டு நிக்குது."

திமிறுது. ஆமாம், தன் கைக்கும் அதேதான் தெரிந்தது என்று அவளுக்கு அப்போது உறைத்தது. மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைத் தம்பியின் ஒர்க்‌ஷாப் பக்கம் திருப்பினாள். அவரையும் இறங்க விடவில்லை.

தம்பி சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் விரல்களை விட்டுப் பார்த்தான். "வண்டி ஏன் எக்கி நிக்குது? அக்கா, போல்ட்டை இறுக்கினப்ப சக்கரம் தரையிலதானே இருந்துச்சு?"

"இல்லையே. தொங்கிட்டு இருந்துச்சு. இறுக்கிட்டுத்தான் இறக்கினேன்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். தரையில் வைத்து இறுக்கியிருப்பாள் என்றே அவன் நினைத்துவிட்டானாம். அந்த ரப்பர் புஷ், இறுக்கின நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். இரும்புக் கை தொங்கும்போது இறுக்கினால், வண்டியின் கனம் இறங்கியதும் ரப்பர் முறுக்கேறி, பழைய இடத்துக்கே போகத் துடித்துக்கொண்டிருக்கும். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்துத் தைத்த சட்டை! கையை இறக்கினால் அக்குள் இழுக்காமல் என்ன செய்யும்? தைக்கிறவளுக்கு இது தோன்றவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"மறுபடி தளர்த்து. கனம் சக்கரத்துல இருக்கும்போது இறுக்கலாம். ஆளோட கனமும் சேர்த்து" என்றவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "என்னங்க, போய் உங்க சீட்ல உட்காருங்க."

"நானா? நான் எதுக்கு?"

"தினமும் நீங்கதானே உட்காரப் போறீங்க? உங்க கனத்துக்குத்தான் இறுக்கப் போறேன்."

சரிவுப் பலகைகளில் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். ஓட்டுபவள் இடத்தில் தம்பி பெயின்ட் டப்பாக்களை அடுக்கினான். "அக்கா கனத்துக்கு இன்னும் ரெண்டு டப்பா போடணும்" என்று சொல்லி, அவள் கையிலிருந்த துணியால் ஒரு அடி வாங்கினான். அவள் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தாள். ஒவ்வொரு போல்ட்டும் இறுகும்போது, சீட்டுக்கு நேர் கீழே அவள் தம் பிடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. "போதும்மா, கை வலிக்கப் போகுது" என்றார். "பேசாம உட்காருங்க" என்று கீழேயிருந்து பதில் வந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சக்கரங்களை மறுபடி மிஷினில் சரிபார்த்துவிட்டுத்தான் தம்பி சாவியைக் கொடுத்தான்.

ஞாயிறு காலை மழை. "இன்னிக்கு வேணாமே, ரோடு வழுக்குமே" என்று அவர் இழுத்தார்.

"இந்த மழைதான் எனக்கு வேணும். ஏறுங்க."

தெருமுனையில் அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். குன்றின் அடிவாரத்திலும் கண் திறந்துதான் இருந்தது. ஏறும்போது அவள் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மனசு கலைந்துவிடும். ரோட்டையே பார்த்து ஓட்டினாள். உச்சி தாண்டி இறங்கி, தொட்டி தெரிந்து, வளைவு வந்தது. கையைத் திருப்பினாள். கையோடு வண்டியும் திரும்பியது. சாயவில்லை, துள்ளவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. ஈர ரோட்டைப் பிடித்துக்கொண்டு, வளைவு முடியும் வரை அவள் நினைத்த கோட்டிலேயே போய் நிமிர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கர்... கர்... என்று, பழைய குறட்டை. திரும்பிப் பார்த்தாள். வாய் பிளந்து கிடந்தது, கால் இரண்டும் துவண்டு கிடந்தன. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, அப்படியே வழியவிட்டு ஓட்டினாள்.

குன்றை விட்டு இறங்கும்போது அவருடைய போன் அடித்தது. திடுக்கிட்டு எழுந்தவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வளைவு வந்துடுச்சா?"

"தாண்டியாச்சு."

அவர் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். தொட்டி எங்கேயோ மேலே, மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, அன்றைக்கு மாதிரி வெங்காயத்தை அல்ல, அவள் முகத்தைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணே... வண்டியா? இல்லைங்க, விக்கலை. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, அப்புறமா பேசுறேன். இப்ப எனக்குத் தூக்கம் வருது."