விழுந்த மரத்தில் நான்கு வருடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து என் மரத்தின் முன்னால் நின்றால் கோபம் வராமல் கொஞ்சலா வரும்?

நான் இந்தக் காட்டின் காவலாளி. அவர் இதே வன அலுவலகத்தில் மரம் அறுப்பவர். நான்கு வருடத்துக்கு முன் காற்றில் சாய்ந்த மரம் அது. அதன் பட்டை இடுக்கில் ஒரு நீளக்கொம்பு வண்டு முட்டை வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து வந்த புழுக்கள் அன்று முதல் உள்ளே இருட்டில் செத்த மரத்தைத் தின்று வளர்கின்றன. வாரம் தவறாமல் போய், உதிர்ந்து கிடக்கும் மரத்தூளைப் பார்த்துவிட்டு வருவேன். நன்றாகத் தின்று கொழுத்ததும் பட்டைக்குப் பக்கத்தில் ஓர் அறை குடைந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகும். ஓடு இறுகும்வரை அங்கேயே கிடந்துவிட்டு, பட்டையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். வெளியே அதற்கு மூன்றே வாரம். அதற்குள் ஜோடி தேடி, முட்டை வைத்து, செத்துப்போகும். இந்த மாதம்தான் வெளியே வரும் மாதம்.

"எழுந்திரு. பூச்சிக்கூடுன்னு யாரோ புகார் குடுத்திருக்காங்க. இன்னைக்கே அறுக்கணுமாம்," என்றார் வீட்டுக்காரர், மரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம்.

"என்னையும் சேத்து அறுங்க." இன்னும் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"வீட்ல உன்னோட மல்லுக்கட்டுறது பத்தாதா? இங்கயுமா?"

அதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். "நிக்கிற மரத்துக்கெல்லாம் பரவிடும்மா," என்றார்.

"பரவாது சார். உயிருள்ள மரத்த இது தொடவே தொடாது. பாதுகாக்க வேண்டிய பட்டியல்ல இருக்கிற வண்டு சார் இது."

"அந்த வண்டுதான்னு என்ன சாட்சி? ஒண்ணக் காட்டுங்க, இப்பவே எழுதிக் குடுத்துடறேன்."

"ஒரு வாரம் பொறுங்க. தானா வெளிய வரும்."

"லாரி வந்து நிக்குதும்மா."

கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை. சரி, ஒன்று போனாலும் மற்றதெல்லாம் இருக்கும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டுக்காரரிடம் உளியைக் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்தார். எங்கே தட்டினால் பொக்கென்று கேட்கும் என்று எனக்குத் தெரியும். பட்டையைப் பெயர்த்தேன்.

அறைக்குள் முழு வண்டு ஒன்று கிடந்தது. நீளக் கொம்புகள் உடம்பைச் சுற்றி மடிந்திருந்தன. நிறம் இன்னும் ஏறவில்லை. தொட்டால் ஓடு அமுங்கியது.

"கைய நீட்டுங்க சார்."

"எதுக்கு?"

"நீட்டுங்க."

அவருடைய இடது உள்ளங்கையில் வண்டை வைத்தேன். வலது கையில் பேனாவைக் கொடுத்தேன். மரத்தை யாரும் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி திரும்பிப் போனது.

"இத மறுபடி உள்ள வெச்சிடலாமா?" என்று கேட்டார்.

"அறை ஒடஞ்சிடுச்சு சார். இனிமே காஞ்சிடும்."

"பொழைக்காதா?"

"பொழைக்காது."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. வீட்டுக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டு ஒரு காலை நீட்டி மடக்கியது. அது அசைவது நிற்கும்வரை மேலதிகாரி கையை இறக்கவே இல்லை.